ஆறாத புண்களும் மூலிகைகளும்: அறிய வேண்டியவை

நான்கு வாரத்துக்கு மேலாகியும் ஆறாத புண்ணை நாள்பட்ட புண் என்பார்கள். நம் வீடுகளில் அதிகம் காண்பது சர்க்கரை நோயாளிகளின் கால் புண். நரம்பு மரத்துப்போவதால் காயம் பட்டதே தெரிவதில்லை. இரத்த ஓட்டம் குறைவதால் பட்ட காயம் ஆறுவதில்லை. அதற்குள் கிருமி பரவிவிடுகிறது. முற்றினால் விரலையோ காலையோ எடுக்க நேரிடும்.

இதற்கு மூலிகை உதவுமா? வேளச்சேரிக்கு அருகே அடையாறில், 1948-ல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிலை அறிந்தவர்களுக்குப் பழக்கமான பெயர். தோலுக்கு உறுதி தருவது கொலாஜன் என்ற புரதம். அதை ஆராய்ந்த இங்குள்ள விஞ்ஞானிகள் காயம் ஆறும் விதத்தையும் ஆராய்ந்தார்கள். வல்லாரைச் சாரம் கொடுத்த எலிகளின் காயத்தில் கொலாஜன் கூடி, காயம் விரைவாக மூடியதை 1996-ல் வெளியிட்டனர். கடுக்காய் மர இலைச் சாரமும் நல்ல பலன் தந்ததை 2002-ல் தெரிவித்தனர்.

ஆனால் அவை எலிகளின் தோலில் ஏற்படுத்திய புதுக் காயங்கள். பல மாதம் சீழ் பிடித்த மனிதக் காலுக்கு அதே பலன் கிடைக்கும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

பூஞ்சைகளும் இப்போது பயன்படுகின்றன. இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கப்படும் கைட்டோசான் என்ற பொருளைக் காளான் போன்ற பூஞ்சைகளின் செல்சுவரிலிருந்தும் பெறலாம். இரத்தக் கசிவை நிறுத்தி, கிருமி வளர்ச்சியைத் தடுப்பதால் புண்ணுக்கான கட்டுத் துணிகளில் இதைச் சேர்க்கிறார்கள்.

சித்த மருத்துவத்தில் ஆறாத புண்ணுக்கு மத்தன் தைலம் உண்டு. ஊமத்தை இலைச்சாறு, தேங்காய் எண்ணெய், மயில்துத்தம் சேர்ந்தது. ஊமத்தையும் மயில்துத்தமும் நஞ்சு; வீட்டில் காய்ச்சக் கூடாது. தாம்பரம் சானடோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற இடங்களில் மருத்துவரிடம் காட்டியே பயன்படுத்த வேண்டும்.

காப்பித்தூள், மஞ்சள்தூள், அரைத்த பச்சிலை எதையும் திறந்த புண்ணில் அப்பாதீர்கள். அவற்றோடு மண்ணும் கிருமியும் உள்ளே போகும். புண்ணின் உண்மை நிலையும் மறைந்துவிடும்.

எந்த மருந்தானாலும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, இறந்த சதையை மருத்துவர் அகற்றுவது, புண்ணின் மேல் உடல் பாரம் விழாமல் பார்ப்பது ஆகிய மூன்றும் இல்லாமல் பலிக்காது. தினமும் பாதத்தைப் பாருங்கள். ஒளூ செய்தபின் விரல் இடுக்கின் ஈரத்தைத் துடையுங்கள். கருமை, துர்நாற்றம், சீழ், வீக்கம், காய்ச்சல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வலி இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். மரத்துப்போன காலில் வலி வராது.