வாக்குறுதிக்கு ஒரு புத்தகம், வாக்குக்கு ஒரு புத்தகம்

நம் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனவர் அங்கே எதற்குக் கை தூக்கினார், எதற்குத் தூக்கவில்லை என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தேர்தலின்போது அவர் சொன்னது கொஞ்சம் நினைவிருக்கும். பிறகு அவர் போட்ட ஓட்டு தெரியாது. பிரெஞ்சுக்காரர்கள் இந்த இரண்டையும் அச்சடித்து வைக்கும் பழக்கம் உள்ளவர்கள். அந்தப் பழக்கத்தையும், அது மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்ட ஒரு நாளையும் பற்றி இன்று எழுதுகிறேன்.

பிரான்சின் நாடாளுமன்ற உறுப்பினரைப் புதுச்சேரிப் பெரியவர்கள் 'தெப்புத்தே' என்பார்கள். 1871 முதல் பிரெஞ்சிந்தியாவும் பாரீசுக்கு ஒரு தெப்புத்தேவை அனுப்பி வந்தது. அதனால் இந்தக் கதை நமக்கு முழுக்க அந்நியமானதல்ல.

பள்ளி ஆசிரியராக இருந்து, லியோன் நகர மேயராகி, பிறகு தெப்புத்தே ஆனவர் தெசிரே பரோதே. 1881 தேர்தலுக்குப் பின் அவர் ஒரு யோசனை சொன்னார். வெற்றி பெற்ற ஒவ்வொருவரும் தேர்தலின்போது வாக்காளர்களுக்கு அச்சடித்துக் கொடுத்த கொள்கை அறிக்கையைச் சேகரித்து, ஒன்றாகத் தொகுத்து, சபையின் செலவில் வெளியிட வேண்டும் என்பதே அது. சபை ஏற்றுக்கொண்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் அப்படி ஒரு தொகுதி வந்தது. அதற்குப் பெயரே 'பரோதே' என்று ஆகிவிட்டது. இது வாக்குறுதிப் புத்தகம்.

மற்றொன்று அரசிதழ், 'ழுர்னால் ஒஃபிசியேல்'. சபை விவாதங்கள் முழுவதும் அதில் வரும். முக்கியமான வாக்கெடுப்பு என்றால் ஆதரித்தவர், எதிர்த்தவர், கலந்துகொள்ளாதவர் என்று பெயர்களையும் பட்டியல் போடுவார்கள். ஆதரவுக்கு வெள்ளைச் சீட்டு, எதிர்ப்புக்கு நீலச் சீட்டு. வராத உறுப்பினரின் சீட்டையும் கட்சிக்காரர் ஒருவரே பெட்டியில் போடுகிற கெட்ட வழக்கமும் இருந்தது. தன் பெயர் தவறான பட்டியலில் வந்துவிட்டது என்று கருதும் உறுப்பினர் திருத்தம் கொடுக்கலாம். திருத்தத்தையும் அச்சடிப்பார்கள். ஆனால் முடிவு மாறாது. அந்தத் திருத்தம் ஊரில் உள்ள வாக்காளருக்குக் காட்டத்தான் பயன்படும்.

அலுவலகத்தில் கோப்பு பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். குறிப்பின் ஓரத்தில் நாம் போட்ட இனிஷியல் அப்படியே நிற்கும். எந்த அவசரத்தில், யார் நெருக்கியதால் போட்டோம் என்பது கோப்பில் இருக்காது. பத்து வருடம் கழித்துத் தணிக்கைக்கு வருகிறவர் இனிஷியலைத்தான் பார்ப்பார்.

இப்போது அந்த நாளுக்கு வருவோம். 1936 ஏப்ரல், மே மாதங்களில் நடந்த தேர்தலில் இடதுசாரிகளின் மக்கள் முன்னணி வென்றது. ரொட்டி, சமாதானம், சுதந்திரம் என்ற மூன்றும் அவர்களுடைய முழக்கம். நான்கு ஆண்டுகள் கழித்து நாடு கவிழ்ந்தது. 1940 ஜூன் 14 அன்று ஜெர்மன் படை பாரீசுக்குள் நுழைந்தது. 16ஆம் தேதி மார்ஷல் பெத்தேன் பிரதமரானார். அவருக்கு வயது 84. முதல் உலகப் போரின் வீரர் என்ற பெரும் புகழ் அவருக்கு இருந்தது. 22ஆம் தேதி போர் நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. பல லட்சம் மக்கள் மூட்டை முடிச்சுகளோடு சாலைகளில் இருந்தார்கள். அரசாங்கம் கடைசியில் விஷி என்ற ஊரில் தங்கியது. நீரூற்றுகளுக்குப் பேர்போன, ஹோட்டல்கள் நிறைந்த சிற்றூர் அது.

இதற்கிடையே ஒரு கப்பல் விவகாரம். போரை வட ஆப்பிரிக்காவிலிருந்து தொடரலாம் என்ற எண்ணம் இருந்தபோது, அரசாங்கமே 'மசீலியா' என்ற கப்பலை ஏற்பாடு செய்தது. ஜூன் 21 அன்று 26 தெப்புத்தேக்களும் ஒரு செனட்டரும் அதில் புறப்பட்டார்கள். லூவியே நகர மேயரும் ஏர் மாவட்டத் தெப்புத்தேயுமான பியேர் மெந்தேஸ் பிரான்ஸ், ஓர்லேயான் பகுதியின் ழான் சே, முன்னாள் அமைச்சர் ழோர்ழ் மாந்தேல் ஆகியோர் அதில் இருந்தார்கள். கப்பல் கடலில் இருந்தபோதே போர் நின்றுவிட்டது. உடனே, இவர்கள் நாட்டை விட்டு ஓடிப்போனவர்கள் என்ற பிரசாரம் தொடங்கியது. பத்திரிகைகள் அதைப் பரப்பின. சம்பந்தப்பட்டவர்கள் மொரோக்கோவில் முடக்கி வைக்கப்பட்டார்கள். தங்கள் ஊர்க்காரர்களுக்குப் பதில் சொல்ல அவர்களுக்கு வழியில்லை.

ஜூலை 9 அன்று, அரசியல் சாசனத்தைத் திருத்தலாமா என்ற கேள்வி இரு சபைகளிலும் தனித்தனியாக வந்தது. கீழ்சபையில் 395 பேர் சரி என்றார்கள். 3 பேர் மறுத்தார்கள். செனட்டில் 229 பேர் சரி என்றார்கள். பியேர் தெ ஷாம்ப்ரேன் ஒருவர் மட்டும் மறுத்தார்.

மறுநாள், ஜூலை 10, இரு சபைகளும் விஷியின் காசினோ அரங்கத்தில் ஒன்றாகக் கூடின. பியேர் லவால் எல்லாவற்றையும் முன்னின்று நடத்தினார். மசோதா மிகச் சிறியது, ஒரே பிரிவுதான். புதிய சாசனத்தை வகுக்கும் எல்லா அதிகாரமும் பெத்தேனின் கையெழுத்தின் கீழ் அரசாங்கத்துக்குத் தரப்படுகிறது. அந்தச் சாசனத்துக்கு மக்கள் ஒப்புதல் பெறப்படும் என்றது மசோதா. அந்த ஒப்புதல் கடைசிவரை கேட்கப்படவே இல்லை.

எதிர்க்க நினைத்தவர்களும் பெத்தேனை எதிரியாகப் பார்க்கவில்லை. 27 பேர் கையெழுத்திட்ட ஒரு தீர்மானம் இருந்தது. நெருக்கடியைச் சமாளிக்கத் தேவையான அதிகாரம் மார்ஷலுக்குத் தரலாம். ஆனால் குடியரசையே இல்லாமல் ஆக்கும் மசோதாவுக்கு வாக்களிக்க மாட்டோம் என்பது அதன் சாரம். அதைச் சொல்ல வேன்சான் பாதி என்ற தெப்புத்தே மேடையை நோக்கிப் போனார். அவரைப் பேச விடவில்லை. கப்பலில் போனவர்கள் அரசாங்க ஏற்பாட்டின்படிதான் போனார்கள் என்று கீழ்சபைத் தலைவர் எரியோ எழுந்து சாட்சி சொன்னார். ஆனால் வாக்களிக்கும்போது அவர் எந்தப் பக்கமும் சேரவில்லை.

ஆதரவு 569. எதிர்ப்பு 80. எதிர்த்தவர்களில் 57 பேர் தெப்புத்தேக்கள், 23 பேர் செனட்டர்கள். முடிவு அறிவிக்கப்பட்டபோது, ஆனாலும் குடியரசு வாழ்க என்று ஒரு குரல் எழுந்தது. அது செனட்டர் மர்செல் அஸ்தியேயின் குரல்.

மக்கள் முன்னணிச் சபையே குடியரசைக் கொன்றது என்று சிலர் எழுதுவார்கள். அது முழுச் சரியல்ல. செனட்டும் சேர்ந்துதான் வாக்களித்தது; கம்யூனிஸ்டுகள் அந்த ஆண்டுத் தொடக்கத்திலேயே பதவி பறிக்கப்பட்டிருந்தார்கள்; மசீலியாவில் போனவர்கள் அங்கே இல்லை. ஆனாலும் ஒன்றை மறைக்க முடியாது. எதிர்த்த 80 பேரில் பெரும்பாலோர் இடதுசாரிகள் என்பது உண்மை. சோஷலிஸ்ட் கட்சியில் எதிர்த்தவர்களைவிட ஆதரித்தவர்களே அதிகம் என்பதும் உண்மை. 1936ஆம் ஆண்டின் பரோதேயையும் 1940 ஜூலையின் அரசிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே பெயர்கள் இரண்டிலும் வரும். முதலாவதில் குடியரசைக் காப்போம் என்றிருக்கும். இரண்டாவதில் 569 பேர் பட்டியலில் பெயர் இருக்கும்.

சாதாரண காலமாக இருந்தால் அந்த உறுப்பினர் ஊருக்குப் போய், கூட்டம் போட்டு, ஏன் அப்படி வாக்களித்தேன் என்று சொல்லியிருப்பார். ஊர்க்காரர்கள் கத்தியிருப்பார்கள், அல்லது கை தட்டியிருப்பார்கள். அந்த வழி அப்போது அடைபட்டிருந்தது. நாடு இரண்டு மண்டலங்களாகப் பிரிந்து கிடந்தது. ஒரு மண்டலத்திலிருந்து மற்றதற்குக் கடிதம் போகவில்லை. செப்டம்பர் கடைசியில் அனுமதித்தபோதும், அச்சடித்த அட்டைதான் கிடைத்தது: நலம், களைப்பு, காயம் என்ற சொற்கள் முன்பே இருக்கும், கோடிட்ட இடத்தை நிரப்பி, வேண்டாததை அடிக்க வேண்டும். அரசியல் எழுத அதில் இடமேது? பத்திரிகைகளோ தணிக்கையில் இருந்தன.

தார்ன் மாவட்டத்தின் அகுஸ்தேன் மல்ரூ பள்ளி ஆசிரியர். 1936இல் முதல்முறையாகத் தெப்புத்தே ஆனவர். வாக்கெடுப்பு நாளில் அவர் விளக்கம் எழுதியது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும்தான். குடியரசின் மேல் அன்போடு வளர்ந்தவன் நான், அதைக் கொல்லும் காரியத்தில் சேர மாட்டேன் என்பது கடிதத்தின் கருத்து. நீலச் சீட்டுப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. பிறகு எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்து, பிடிபட்டு, 1945 ஏப்ரலில் பெர்கன்-பெல்சன் முகாமில் இறந்தார். பேச விடப்படாத வேன்சான் பாதி தாஹாவ் முகாமுக்கு அனுப்பப்பட்டு உயிரோடு திரும்பினார். முன்னாள் உள்துறை அமைச்சர் மார்க்ஸ் தொர்முவாவும் எதிர்த்த 80 பேரில் ஒருவர். 1941 ஜூலையில் அவருடைய கட்டிலின் கீழ் வெடிகுண்டு வைத்துக் கொன்றார்கள்.

அடுத்து வந்த தணிக்கையைப் பார்ப்போம். 1944 ஏப்ரல் 21 அன்று, அல்ஜியர்சில் தெ கோலின் அரசு ஒரு அவசரச் சட்டம் போட்டது. பிரெஞ்சுப் பெண்களுக்கு ஓட்டுரிமை தந்த சட்டம் அதுதான். அதே சட்டம், 1940 ஜூலை 10 அன்று ஆதரித்து வாக்களித்தவர்கள் இனித் தேர்தலில் நிற்கக் கூடாது என்றும் சொன்னது. பெயர்களை யாரும் துப்பறிந்து கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. அரசிதழைப் பிரித்தால் போதும்.

ஆனால் கதவை முழுக்கச் சாத்திவிடவில்லை. எதிர்ப்பு இயக்கத்தில் பங்கெடுத்தவர்களுக்கு விலக்கு உண்டு. அதை ஆராய ரெனே கஸ்சேன் தலைமையில் 1945இல் ஒரு கௌரவக் குழு அமைத்தார்கள். மனித உரிமைப் பிரகடனத்தை உருவாக்கியதில் பங்குபெற்று, 1968இல் நோபல் பரிசு பெற்ற அதே கஸ்சேன்தான். அந்தக் குழு முக்கியமாகப் பார்த்தது, அந்த வாக்குக்குப் பிறகு என்ன செய்தீர்கள் என்பதை. இது எனக்கு நியாயமாகப் படுகிறது. தோல்வியின் நடுவில், வீடு எங்கே குடும்பம் எங்கே என்று தெரியாமல், மார்ஷல் காப்பாற்றுவார் என்று நம்பி வாக்களித்தவர்களை எல்லாம் துரோகி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர்கள் ஒப்படைத்தது தங்கள் சொந்தச் சொத்தையல்ல. ஊர்க்காரர்கள் நம்பிக் கொடுத்ததை, ஊர்க்காரர்களைக் கேட்காமல் கொடுத்துவிட்டார்கள். அதற்குக் கணக்கு கேட்டது சரிதான்.

கணக்குக் கொடுத்துத் திரும்பியவர்களும் இருந்தார்கள். ஐரோப்பிய ஒற்றுமைக்கு அடித்தளம் போட்ட ரொபேர் ஷுமான் ஆதரித்து வாக்களித்தவர். எதிர்ப்பு இயக்கத்தின் தேசியக் குழுவில் இருந்த ழொசேஃப் லனியேலும் அப்படியே, 1953இல் பிரதமரானார். 1954இல் குடியரசுத் தலைவரான ரெனே கொட்டியும் அந்த 569இல் ஒருவர். அவருக்கு முன் அந்தப் பதவியில் இருந்த வேன்சான் ஒரியோல் 80இல் ஒருவர்.

மெந்தேஸ் பிரான்ஸை விஷி அரசு ஓடிப்போன ராணுவ அதிகாரி என்று குற்றம் சாட்டி, 1941இல் ஆறு ஆண்டுச் சிறைத் தண்டனை கொடுத்தது. அவர் சிறையிலிருந்து தப்பி, சுதந்திர பிரான்சின் விமானப் படையில் சேர்ந்தார். கப்பலில் உடன் வந்த ழான் சேயும் மாந்தேலும் 1944இல் கொல்லப்பட்டார்கள். போர் முடிந்து 1945இல் தேர்தல் வந்தபோது, ஏர் மாவட்ட மக்கள் மெந்தேஸ் பிரான்ஸைத் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள். ஓடிப்போனவர் என்று ஐந்து வருடம் சொல்லியும் அவர்கள் நம்பவில்லை என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

நம் ஊருக்கும் இதில் பங்குண்டு. 1940 செப்டம்பரில் ஆளுநர் லூயி பொன்வேன் பிரெஞ்சிந்தியாவைத் தெ கோல் பக்கம் சேர்த்தார். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி, இந்தியாவோடு இணைய 170 பேரும் வேண்டாமென்று 8 பேரும் வாக்களித்தார்கள். நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. அன்று பாரீசில் பிரதமர், மசீலியாவில் போனதற்காகச் சிறை கண்ட மெந்தேஸ் பிரான்ஸ். குடியரசுத் தலைவர், விஷியில் சரி என்ற கொட்டி. நம் இணைப்புக் காலத்தைப் படிக்கிறவர்கள் இதையும் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

விஷி அரங்கத்தில் 80 பேரின் நினைவாக ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். பல ஊர்களில் அவர்கள் பெயரில் தெருக்களும் உண்டு. 569 பேரைப் பற்றிப் பலகை எதுவும் சொல்வதில்லை. அவர்களைத் தெரிந்துகொள்ள அரசிதழைத்தான் புரட்ட வேண்டும். அதில் 80 பெயர்களும் 569 பெயர்களும் ஒரே அளவு எழுத்தில், அகர வரிசையில் இருக்கின்றன. மரியாதை செய்வதற்குப் பலகை போதும். ஒரு தொகுதியின் மக்கள் தங்கள் ஆள் என்ன செய்தார் என்று தெரிந்துகொள்ள அந்தப் பட்டியல்தான் வேண்டும்.