கிறிஸ்துமஸ் காலத்துக் காதற்கதைகள்



என் ஆசிரியப் பணியில் நான் செய்த பிழைகளுள் ஒன்றிலிருந்து இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன். அரையாண்டுத் தேர்வு நெருங்கிய ஒரு டிசம்பர் மாதம். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் புவியியல் நூலுக்குள் வேறொரு சிறு நூலை மறைத்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். வாங்கிப் பார்த்தேன், ஆங்கிலச் சிறுகதைத் தொகுப்பு. என்ன கதை என்று வினவினேன். "கிறிஸ்துமஸ் கதை ஐயா, ஒரு கணவனும் மனைவியும் அன்பாயிருந்த கதை" என்றான். வகுப்பு முழுவதும் நகைத்தது. காதற்கதை படிக்கவா உன்னைப் பள்ளிக்கு அனுப்பினார்கள் என்று கடிந்து, நூலையும் எடுத்துக்கொண்டேன். அன்றிரவு வீட்டில் அதைப் படித்த பின்னரே, நான் ஏதும் அறியாமல் கடிந்துகொண்டேன் என்பது எனக்குப் புலனாயிற்று. அத்தகைய கதைகள் எவ்வாறு தோன்றின என்று தேடிப் படிக்கலானேன்.

கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு நூலைப் பரிசாகக் கொடுக்கும் வழக்கம் இங்கிலாந்தில் பரவியதற்குப் பரிசு மலர்கள் பெருங்காரணம். ஜெர்மனியிற் பிறந்து லண்டனில் பதிப்பாளராக விளங்கிய ருடால்ப் ஆக்கர்மன், 1823-ஆம் ஆண்டுக்குரிய முதல் மலரை 1822-இன் இறுதியில் வெளியிட்டார். 'என்னை மறவாதே' என்பது அதன் பெயர். பெயரே அது யாருக்காக என்பதைச் சொல்லிவிடுகிறதன்றோ? தகட்டிற் செதுக்கிய படங்கள், அழகிய கட்டு, உள்ளே காதற்பாட்டும் காதற்கதையும். நம் தீபாவளி மலர்களை எண்ணிக்கொண்டால் ஒருவாறு விளங்கும். பின்னர் வந்த 'கீப்சேக்' என்னும் மலர், சர் வால்டர் ஸ்காட்டுக்கு 500 பவுன் கொடுத்து எழுத்து வாங்கியது. மேரி ஷெல்லியும் அதில் எழுதினார். ஆனால் படத்துக்கு ஏற்பக் கதை எழுதச் சொன்ன மலர்களும் உண்டு. செருப்புக்கு ஏற்பக் காலை வெட்டுவது போன்ற செயல் இது. அக்கதைகளுட் பெரும்பாலானவற்றை இன்று படிக்கப் பொறுமை வேண்டும்.

இந்நிலையை மாற்றியவர் சார்லஸ் டிக்கன்ஸ். அவருடைய 'கிறிஸ்துமஸ் கரோல்' 1843 டிசம்பர் 19-இல் வெளிவந்தது. ஐந்து நாட்களில், கிறிஸ்துமஸ் முன்னாளுக்குள், அச்சிட்ட 6,000 படிகளும் விற்றுப்போயின. கருமி ஸ்குரூஜின் கதை என்றே நாம் அதனை அறிவோம். ஆயினும் அதன் நடுவே சில பக்கங்களில் ஒரு காதற்கதை உண்டு. ஸ்குரூஜ் இளைஞனாயிருந்தபோது பெல் என்னும் பெண்ணை மணக்க உறுதி கூறியிருந்தான். இருவரும் ஏழையராயிருந்த காலத்து உறுதி அது. பொன்னாசை அவன் நெஞ்சில் குடிபுகுந்ததைக் கண்டு அவளே அவனை விடுவித்துவிடுகிறாள். அவன் தடுக்கவில்லை. பேய்கள் வந்து திருத்தவேண்டிய அளவுக்கு அவன் நெஞ்சு வறண்டது அங்கேதான் என்பது என் கருத்து.

பொன்னாசையைப் பழித்த அந்நூலே டிக்கன்ஸுக்குப் பொருள் முட்டுப்பாட்டைத் தந்தது என்பது ஒரு வேடிக்கை. வண்ணப்படங்களும் பொன்விளிம்புமாக நூலைச் செலவிட்டு அமைத்து, விலையை 5 ஷில்லிங் என்று வைத்தார். முதற்பதிப்பில் 1,000 பவுன் எதிர்பார்த்தவருக்கு ஏறத்தாழ 230 பவுனே கிடைத்தது! திருட்டுப் பதிப்பு வெளியிட்டவர்மேல் வழக்குத் தொடுத்து வென்றார். அவர்கள் நொடித்துப்போகவே வழக்குச் செலவும் அவர் தலையில் விழுந்தது.

பின்னர் 1846-இல் அவர் எழுதிய 'வாழ்க்கைப் போர்', பேயோ ஆவியோ இல்லாத முழுக் காதற்கதை. தங்கை தன் காதலனை அக்காளுக்காக விட்டுக்கொடுக்கிறாள். அது எனக்கு உவப்பாயில்லை. காதலன் என்ன பண்டமா, ஒருத்தி இன்னொருத்திக்கு ஈவதற்கு? அதற்கு முந்திய 'அடுப்பங்கரைச் சிள்வண்டு' மேலானது. இளமனைவியின்மேல் ஐயங்கொண்ட வண்டிக்காரன் ஓர் இரவு முழுதும் தன் நெஞ்சோடு போராடும் பகுதியைக் கல்லூரி மாணவர்கள் தேடிப் படிக்கவேண்டும்.

மாணவனிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட கதைக்கு வருகிறேன். அது ஓ. ஹென்றி எழுதி, 1905 டிசம்பர் 10-இல் நியூயார்க் நாளிதழொன்றில் வெளிவந்தது. டெல்லாவின் கையில் 1 டாலர் 87 சென்ட். கணவனுக்குப் பரிசு வாங்கத் தன் நீண்ட கூந்தலை விற்று, அவன் கடிகாரத்துக்குச் சங்கிலி வாங்குகிறாள். அவனோ அக்கடிகாரத்தை விற்று, அவள் கூந்தலுக்குச் சீப்புகள் வாங்கி வருகிறான்.

இக்கதாசிரியரின் இயற்பெயர் வில்லியம் சிட்னி போர்ட்டர். டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகர வங்கியொன்றில் வேலை பார்த்தபோது பணம் கையாடினார் என்று குற்றஞ்சாட்டப்பட்டு, 1896-இல் ஹோண்டுராஸ் நாட்டுக்கு ஓடிப்போனார். மனைவி ஆத்தோல் காசநோயோடு தாய்வீட்டில் இருந்தாள். அவ்வாண்டுக் கிறிஸ்துமஸுக்கு அவள் தன் கையால் பின்னல் வேலைக் கைக்குட்டை ஒன்று செய்து, அதனை 25 டாலருக்கு விற்று, கணவனுடைய மேலங்கியும் நறுமணப்பொருளும் தின்பண்டங்களும் அடங்கிய பெட்டியொன்றை அனுப்பிவைத்தாள். பெட்டி கட்டிய அன்று அவளுக்குக் காய்ச்சல் 105 பாகை. ஒரு திங்கள் கழிந்தே அச்செய்தி அவருக்கு எட்டியது. அவர் நாடு திரும்பினார், சிறை நிச்சயம் என்று அறிந்தும். 1897 ஜூலையில் அவள் இறந்தாள். மறு ஆண்டு அவர் சிறை புகுந்தார். டெல்லாவின் கதை இதிலிருந்து பிறந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மனைவி எதையோ விற்றுப் பரிசு அனுப்பிய செய்தியை அறிந்தவரின் கை அக்கதையை எழுதிற்று.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, நகைத்த அதே வகுப்பில் அக்கதையை நானே உரக்கப் படித்து, நூலை அம்மாணவனிடம் திருப்பிக் கொடுத்தேன். மன்னிப்பும் கேட்டேன். அவன் நூலை வாங்கிக்கொண்டு, "ஐயா, கூந்தல் மறுபடி வளர்ந்துவிடும், கடிகாரம்?" என்று கேட்டான். நான் விடை தேடிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டது.