விலக்கப்பட்ட மருந்தின் வரலாறு

இதயச் செயலிழப்பு என்னும் சொல்லைக் கேட்டவுடன் இதயம் நின்றுபோவதாகவே நம்மில் பலர் எண்ணிக்கொள்கிறோம். பொருள் அதுவன்று. உடலின் தேவைக்கேற்பக் குருதியைச் செலுத்தும் ஆற்றல் இதயத்திற்குக் குன்றிய நிலையையே மருத்துவர் இப்பெயரால் குறிக்கின்றனர். இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கும். ஆயினும் கால்கள் வீங்கும், நுரையீரலில் நீர் தேங்கும், படுத்தால் மூச்சுத் திணறும். இந்நோயின் மருத்துவ வரலாறு நெடியது. அதில் பீட்டா தடுப்பான்கள் எனும் ஒரு மருந்தினத்தின் வரலாற்றை மட்டும் இங்கே காண்போம்.

இதயம் தளரும்போது உடல் வாளாவிருப்பதில்லை. அட்ரினலின், நோரட்ரினலின் ஆகிய சுரப்புகளைப் பெருக்கி, இதயத்தை விரைந்து துடிக்குமாறு தூண்டுகிறது. அத்தூண்டலைத் தடுக்கும் புரோபிரனலால் என்னும் மருந்தை 1960களில் ஜேம்ஸ் பிளாக் உருவாக்கினார். 1988இல் நோபல் பரிசும் பெற்றார். நெஞ்சுவலிக்கும் உயர் இரத்த அழுத்தத்திற்கும் பயன்பட்ட இம்மருந்தினம், இதயச் செயலிழப்பு உடையோருக்கு மட்டும் ஆகாதென விலக்கப்பட்டது. அக்கால அறிவின்படி அது நியாயமான விலக்கே. களைத்த எருதை நடக்கவைப்பது தாற்றுக்கோல் என்றால், அக்கோலைப் பிடுங்கியதும் வண்டி நின்றுவிடும் அல்லவா? எருது மேலும் மேலும் களைப்பதே அக்கோலால்தானோ என்று கேட்க எவரும் முன்வரவில்லை.

அவ்வாறு கேட்டவர்கள் சுவீடனின் கோத்தன்பர்க் நகர மருத்துவர்கள். ஃபின் வாக்ஸ்டைனும் அவருடைய குழுவினரும், இதயத்தசை நோயால் தளர்ந்த ஏழு பேருக்கு இம்மருந்தைக் கொடுத்து, அவர்கள் தேறியதை 1975ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மருத்துவ உலகம் எளிதில் நம்பவில்லை. ஏழு பேர் எங்கே, உலகளாவிய நோய் எங்கே! ஐயுற்றவர்களை நாம் பழித்தல் தகாது. முழு அளவில் திடீரெனக் கொடுத்தால் இம்மருந்து நோயை முற்றச் செய்வது உண்மையே. இதற்கிடையில் 1984ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜே கோன் குழுவினர், குருதியில் நோரட்ரினலின் மிகுந்திருக்கும் நோயாளிகளே விரைவில் இறக்கின்றனர் எனக் கண்டறிந்தனர். தாற்றுக்கோலின்மீது ஐயம் வலுத்தது.

தீர்வு அளவில் இருந்தது. 1999ஆம் ஆண்டில் முடிவுகள் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்றில், பிசோபுரோலால் மருந்து 1.25 மில்லிகிராமில் தொடங்கப்பட்டுச் சிறிது சிறிதாக 10 மில்லிகிராம் வரை உயர்த்தப்பட்டது. பங்கேற்றோர் 2,647 பேர். மருந்துப்போலி பெற்றோருள் 228 பேரும், மருந்து பெற்றோருள் 156 பேரும் இறந்தனர். வேறுபாடு அத்துணைத் தெளிவாக இருந்தமையால் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் வந்த மெட்டோபுரோலால் ஆய்வும் இறப்பு 34 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. அந்த ஏழு பேருக்கும் இம்முடிவுகளுக்கும் இடையே 24 ஆண்டுகள்.

பெரியோருக்கு உறுதியான இம்மருத்துவம் சிறாருக்கும் அப்படியே பொருந்துமா? ஆசிரியர்களாகிய நாம் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். பெரியோரின் இதயத்தைத் தளர்த்துவது பெரும்பாலும் குருதிக்குழாய் அடைப்பு. குழந்தைகளுக்கோ பிறவிக் குறைபாடும் தசை நோயும். மூச்சுத் திணறுகிறது என்று கைக்குழந்தை சொல்வதில்லை. பால் குடிக்கையில் வியர்க்கும், களைத்து இடையிலேயே நிறுத்தும், எடை கூடாது. 2007ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, 161 சிறாரிடம் கார்வெடிலால் மருந்தைச் சோதித்தது. மருந்து பெற்றோருள் 56 விழுக்காட்டினர் தேறினர். மருந்துப்போலி பெற்றோரிலும் அதே 56 விழுக்காட்டினர் தேறினர். மருந்து பயனற்றது என்று இதற்குப் பொருள் கொள்வது அவசரமாகும். சிறார் பலர் தாமாகவே தேறிவிட்டனர். வேறுபாட்டைக் காண 161 பேர் போதவில்லை என ஆய்வாளரே கருதினர்.

பிற்காலத்து மருந்துக்கும் இதே நிலைதான். சாக்குபிட்ரில், வால்சார்ட்டன் ஆகியவற்றின் கூட்டு மருந்து, 2014ஆம் ஆண்டின் ஆய்வொன்றில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியோரிடம், பழைய எனாலபிரிலைவிட இறப்பை மிகுதியாகக் குறைத்தது. 2019இல் ஒரு வயதுக்கு மேற்பட்ட சிறாருக்கு அமெரிக்கா அதனை ஏற்றது. குருதியிலுள்ள ஓர் அடையாளப் பொருள் குறைந்ததே அதற்குச் சான்றாயிற்று. 375 சிறாரை ஓராண்டு தொடர்ந்த ஆய்வு 2024இல் வெளிவந்தபோது, புதிய மருந்து பெற்றோரும் எனாலபிரில் பெற்றோரும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறியிருந்தனர்.