மிதிவண்டி ஏற்றத்தக்க பயன்படுத்திய குடும்ப மகிழுந்து

மிதிவண்டி ஏற்றத்தக்க பயன்படுத்திய குடும்ப மகிழுந்து என்பது, ஏற்கனவே ஒருவர் பெயரில் பதிவு செய்யப்பட்டு ஓடியதும், குடும்பத்தினருடன் ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட மிதிவண்டிகளையும் ஏற்றிச் செல்லக்கூடியதுமான மகிழுந்தைக் குறிக்கும். பேச்சு வழக்கில் இத்தகைய வண்டி 'செகண்ட் ஹேண்ட் கார்' அல்லது 'பழைய கார்' எனப்படுகிறது. இக்கட்டுரை, தூத்துக்குடி மாவட்டத்தின் கோவில்பட்டியையும் அதனைச் சூழ்ந்த கரிசல் நிலப்பகுதியையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு, இவ்வகை வண்டியைத் தெரிவு செய்யும் முறையை விளக்குகிறது.

வண்டியின் மொத்த இருக்கைகளின் எண்ணிக்கை மிதிவண்டிக்கான இடத்தைக் காட்டாது. குடும்பத்தினர் அனைவரும் அமர்ந்த பின்னர் எஞ்சும் தரைப்பரப்பும், பின்கதவுத் திறப்பின் அளவுமே அதனை முடிவு செய்கின்றன. ஏழு பேரும் அமர்ந்துள்ள ஏழிருக்கை வண்டி ஒன்றில் பெரும்பாலும் ஒரு மிதிவண்டிக்குக்கூட இடம் இராது.

பின்னணி

கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம், சாத்தூர், அருப்புக்கோட்டை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த நிலம் பெரும்பாலும் மானாவாரிக் கரிசல் நிலமாகும். இம்மண்ணிலுள்ள களிமண் நீரை உறிஞ்சி வீங்கும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஈரக் கரிசல், மிதிவண்டியின் மட்கார்டுக்கும் சக்கரத்துக்கும் இடையில் அப்பிக்கொண்டு சக்கரத்தைச் சுழலவிடாமல் தடுத்துவிடும். மண்பாதையில் வண்டியைத் தோளில் தூக்கி வருவது இப்பகுதியினர் நன்கறிந்த அனுபவமாகும்.

மிதிவண்டி இங்கு அன்றாடத் தேவையாகும். தமிழ்நாடு அரசு 2001-02 ஆம் கல்வியாண்டில் தொடங்கிப் பின்னர் விரிவாக்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டத்தினால், கிராமப்புற வீடுகள் பலவற்றில் பதினொன்றாம் வகுப்பு மாணவர் பெற்ற மிதிவண்டி உள்ளது. முன்னர் இவற்றை வெளியூருக்குக் கொண்டு செல்வோர் பேருந்தின் கூரையில் ஏற்றினர். பிள்ளைகள் வெளியூரில் தங்கிப் படிக்கச் செல்லும்போதும், குடும்பம் இடம் மாறும்போதும் இன்று மகிழுந்திலேயே ஏற்ற வேண்டிய தேவை எழுகிறது.

மிதிவண்டியின் அளவுகள்

மகிழுந்தைப் பார்ப்பதற்கு முன் மிதிவண்டியை அளத்தல் வேண்டும். பெரியவர்களுக்கான மிதிவண்டியின் நீளம் பொதுவாக 1.7 முதல் 1.9 மீட்டர் வரையிலும், உயரம் 1 மீட்டர் அல்லது சற்று அதிகமாகவும், ஹேண்டில்பாரின் அகலம் 0.6 மீட்டர் அளவிலும் இருக்கும். 20 அங்குலச் சக்கரம் கொண்ட சிறுவர் மிதிவண்டியின் நீளம் ஏறத்தாழ 1.4 மீட்டர் ஆகும். மரபான இரும்புச் சட்ட மிதிவண்டியின் எடை 20 கிலோகிராம் அளவில் இருக்கும்.

முன்சக்கரத்தைக் கழற்றினால் நீளம் ஏறத்தாழ 35 செ.மீ. குறையும். கவையைப் பின்னோக்கித் திருப்பி வைத்தால் மேலும் குறையும். விலை உயர்ந்த மிதிவண்டிகளில் சக்கரத்தைக் கையாலேயே நெம்பிக் கழற்றலாம். மரபான மிதிவண்டிகளிலோ அச்சின் இரு புறமும் நட்டுகள் உள்ளன. மட்கார்டின் கம்பிகளும் அதே அச்சில் பூட்டப்பட்டிருப்பதால் அவற்றையும் தளர்த்த வேண்டும். ஆகவே பொருத்தமான ஸ்பேனரை வண்டியிலேயே வைத்திருத்தல் நன்று. பெடல்களைக் கழற்றும்போது, இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் அமைந்திருப்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

ஏற்றும் முறைகள்

உட்புறம் ஏற்றுதல்: மழை, தூசு, திருட்டு ஆகியவற்றிலிருந்து மிதிவண்டிக்குப் பாதுகாப்பளிக்கும் முறை இதுவாகும். பின்கதவுத் திறப்பின் உயரம், அகலம், பின்கதவிலிருந்து இரண்டாம் வரிசை இருக்கையின் முதுகு வரையுள்ள தரை நீளம், உட்புறச் சக்கர வளைவுகளுக்கு இடைப்பட்ட அகலம் ஆகிய நான்கையும் அளக்க வேண்டும். கட்டப்படாத மிதிவண்டி, திடீரெனத் தடுப்பு அழுத்தப்படும்போது, வண்டி சென்ற வேகத்திலேயே முன்னோக்கிப் பாயும். எனவே அதனைத் தரையிலுள்ள கொக்கிகளிலோ இருக்கைச் சட்டத்திலோ பட்டைகளால் இறுகக் கட்ட வேண்டும். மிதிவண்டியின் அருகே குழந்தைகளை அமர்த்தக் கூடாது. கரிசல் சேறு படிந்த மிதிவண்டிக்குக் கீழே தார்ப்பாய் விரித்தல் வழக்கம்.

கூரையில் ஏற்றுதல்: இருக்கைகள் அனைத்தும் பயன்பாட்டில் இருக்கும்போது இம்முறை உதவும். கூரை தாங்கும் எடை உற்பத்தியாளரின் கையேட்டில் தரப்பட்டிருக்கும். டாப் கேரியரின் எடையும் அதனுள் அடங்கும். 1.5 மீட்டர் உயர வண்டியின் மேல் மிதிவண்டியை நிறுத்தினால் மொத்த உயரம் 2.5 மீட்டரைக் கடக்கும். இரயில்வே சுரங்கப்பாதைகளிலும் வண்டிக் கொட்டகை வாயில்களிலும் இதனை மறந்து இடிப்போர் உண்டு. காற்றாலைகள் நிறைந்த கயத்தாறு வட்டாரத்தில் தென்மேற்குப் பருவக் காலத்தின் பக்கவாட்டுக் காற்று வலுவானது. தேசிய நெடுஞ்சாலை 44 இல் அக்காலத்தில் கூரைச் சுமையுடன் செல்வோர் வேகத்தைக் குறைக்க வேண்டும். எரிபொருள் செலவும் கூடும்.

பின்புறம் தொங்கவிடுதல்: பட்டைகளால் பின்கதவில் கட்டப்படும் தாங்கிகள் எடை குறைந்த மிதிவண்டிகளுக்கே ஏற்றவை. பெண்களுக்கான மிதிவண்டிகளில் மேற்குழாய் தாழ்ந்திருப்பதால் அவை இத்தாங்கிகளில் நேராக அமர்வதில்லை. இடையில் ஒரு துணைக் கம்பி தேவைப்படும். பதிவெண் பலகையும் பின்விளக்குகளும் மறையாமல் இருத்தல் வேண்டும்.

வண்டியின் உடலுக்கு வெளியே அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டிச் சுமை நீண்டிருந்தால், 2019 இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194 (1அ) பிரிவின்படி 20,000 ரூபாய் அபராதம் விதிக்கப்படலாம்.

வண்டி வகைகள்

மாருதி ஆம்னி, ஈக்கோ: ஆம்னி 1984 முதல் 2019 வரை உற்பத்தி செய்யப்பட்டது. ஈக்கோ 2010 இல் அறிமுகமானது. பெட்டி போன்ற வடிவமும் நகரும் பக்கக் கதவுகளும் ஏற்றி இறக்குவதை எளிதாக்குகின்றன. ஈக்கோவின் ஐந்திருக்கை வடிவம், ஐவர் அமர்ந்த பின்னரும் பெரிய சரக்கிடத்தைக் கொண்டிருப்பதால் இத்தேவைக்கு மிகவும் பொருந்தும். எனினும் 2016 இல் குளோபல் என்கேப் நடத்திய மோதல் சோதனையில், காற்றுப்பை இல்லாத ஈக்கோ சுழிய விண்மீன் பெற்றது. முன்பயணிகளுக்குக் காற்றுப்பை உள்ள பிந்தைய வண்டிகளைத் தேடுதல் நன்று.

மகிந்திரா பொலேரோ, டாட்டா சுமோ: பொலேரோ 2000 இல் அறிமுகமானது, சுமோ 1994 முதல் 2019 வரை விற்பனையில் இருந்தது. இவற்றின் வலுவான அடிச்சட்டமும் உயர்ந்த தரை இடைவெளியும் கரிசல் பாதைக்கு ஏற்றவை. பக்கவாட்டில் எதிரெதிராக அமைந்த பின்னிருக்கைகளை மடித்தால் மிதிவண்டியைச் சாய்த்து வைக்க இடம் கிடைக்கும். பயணிகளுக்கு அவ்விருக்கைகள் பாதுகாப்பானவை அல்ல.

டொயோட்டா குவாலிஸ், இன்னோவா, செவ்ரோலே டவேரா: குவாலிஸ் 2000 முதல் 2005 வரையிலும், டவேரா 2004 முதல் 2017 வரையிலும் விற்கப்பட்டன. இன்னோவா 2005 இல் வந்தது. இன்னோவாவின் மூன்றாம் வரிசை இரு பாதிகளாகப் பக்கங்களில் மடியும். ஒரு பாதியை மடித்து மறுபாதியில் ஒருவரை அமர்த்த இயலும் என்றாலும், அவருக்கும் மிதிவண்டிக்கும் இடையே தடுப்பு ஏதும் இராது. செவ்ரோலே நிறுவனம் 2017 இல் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியதால் டவேரா வாங்குவோர் உதிரிப்பாகங்களின் கிடைப்பை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மாருதி எர்டிகா, ரெனால்ட் டிரைபர்: எர்டிகா 2012 இலும் அதன் இரண்டாம் தலைமுறை 2018 இலும் வெளிவந்தன. அனைத்து இருக்கைகளும் நிமிர்ந்த நிலையில் சரக்கிடம் முதல் தலைமுறையில் 135 லிட்டரும், இரண்டாவதில் 209 லிட்டருமே ஆகும். மூன்றாம் வரிசையை மடித்தால் மட்டுமே மிதிவண்டிக்கு வழி பிறக்கும். 2019 இல் வந்த டிரைபரில் மூன்றாம் வரிசை இருக்கைகளை முற்றிலும் கழற்றி வீட்டில் வைக்கலாம். அப்போது சரக்கிடம் 84 லிட்டரிலிருந்து 625 லிட்டராக உயர்கிறது.

சிறிய வண்டிகள்: மாருதி வேகன் ஆர் போன்ற உயரமான சிறு வண்டிகளில், பின்னிருக்கையை மடித்து, சக்கரம் கழற்றிய ஒரு மிதிவண்டியை ஏற்றலாம். அப்போது பயணிகளுக்கான இடம் குறையும். தனி டிக்கி கொண்ட செடான் வகையில் பின்னிருக்கை பெரும்பாலும் மடியாது.

எரிவாயுவில் இயங்கும் வண்டிகளைப் பார்க்கும்போது பின்கதவைத் திறந்து பார்த்தல் இன்றியமையாதது. எரிவாயு உருளை பல வண்டிகளில் சரக்கிடத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது. திருகாணிகளால் பூட்டப்பட்ட இருக்கையை நிரந்தரமாக அகற்றுவது, சட்டத்தின் 52 ஆம் பிரிவு கட்டுப்படுத்தும் மாற்றங்களுள் அடங்கக்கூடும்.

எடுத்துக்காட்டு

பெற்றோர், இரு பிள்ளைகள், பாட்டி என ஐவர் கொண்ட குடும்பம் இரு மிதிவண்டிகளை ஏற்ற வேண்டும் என்க. ஐவரும் முதலிரு வரிசைகளில் அமர வேண்டும். எனவே மூன்றாம் வரிசை மடியும் அல்லது கழலும் ஏழிருக்கை வண்டியோ, ஐந்திருக்கை ஈக்கோவோ தேவைப்படும். மிதிவண்டிகளை எதிரெதிர்த் திசையில் வைத்தால் ஹேண்டில்பார்கள் ஒன்றோடொன்று மோதா. இரண்டாவது மிதிவண்டி உள்ளே அடங்காவிடில் அதனைக் கூரையில் ஏற்றலாம். ஒரு மிதிவண்டியையாவது விற்பவரின் இடத்திற்கே கொண்டு சென்று, குடும்பத்தினரையும் அமர்த்தி ஏற்றிப் பார்ப்பதே நம்பத்தக்க சோதனையாகும்.

கரிசல் பகுதியில் சோதிக்க வேண்டியவை

- அடிப்புறம்: சக்கர வளைவுகளில் அப்பிய கரிசல் ஈரத்தைத் தேக்கித் துருவை வளர்க்கும். கழுவிய பின்னர் அடிப்புறத்தைப் பார்க்க வேண்டும். கடற்கரையை ஒட்டி ஓடிய வண்டிகளில் உப்புக்காற்றால் துரு மிகுதியாகும்.
- சக்கர அமைப்பு: ஏற்ற இறக்கமான சாலைகளில் ஷாக் அப்சார்பரும் புஷ்களும் விரைவில் தேயும். கரடான சாலையில் மெதுவாக ஓட்டி ஒலியைக் கவனிக்க வேண்டும்.
- வடிகட்டி, குளிரூட்டி: வறண்ட மாதங்களின் தூசு காற்று வடிகட்டியை அடைக்கும். குளிரூட்டியை நண்பகல் வெயிலில் சோதித்தல் நன்று.
- டயர்: பக்கவாட்டிலுள்ள நான்கிலக்க எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் உற்பத்தி வாரத்தையும், பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். குறைவாக ஓடிய டயரும் வெயிலில் வெடித்திருக்கலாம்.
- இயந்திரம்: குளிர்ந்த நிலையிலேயே இயக்கச் சொல்ல வேண்டும். நீலப்புகை, எண்ணெய் எரிவதைக் காட்டும்.
- எரிபொருள்: 2023 ஏப்ரலுக்கு முன் உருவான பெட்ரோல் வண்டிகள் பல, 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கென வடிவமைக்கப்பட்டவை அல்ல. குழாய்களையும் கையேட்டையும் பார்க்க வேண்டும்.
- வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள்: 2015 டிசம்பரில் சென்னையும், 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களும் வெள்ளத்தில் மூழ்கின. இருக்கைப்பட்டையை முழுவதும் இழுத்துப் பார்த்தால் வண்டல் கறை தெரியும். தரைவிரிப்பின் அடிப்புறம், மாற்றுச் சக்கரக் குழி, இருக்கைத் திருகாணிகளின் துரு ஆகியவையும் தடயங்களாகும்.

ஆவணங்களும் பெயர் மாற்றமும்

ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றிதழிலுள்ள அடிச்சட்ட எண்ணையும் இயந்திர எண்ணையும் வண்டியில் பொறிக்கப்பட்டவற்றுடன் ஒப்பிட வேண்டும். நிலுவை அபராதங்களையும் காப்பீட்டுக் காலத்தையும் அரசின் பரிவாகன் தளத்தில் அறியலாம். கடனில் வாங்கிய வண்டியாயின், கடன் தீர்ந்ததற்கான வங்கிக் கடிதமும் படிவம் 35 உம் தேவை. வாடகை வண்டியாக ஓடிய மஞ்சள் பலகை வண்டியின் அனுமதியை ஒப்படைத்து, அதனைத் தனியார் வண்டியாக மாற்றிய பின்னரே வாங்குதல் நன்று.

பெயர் மாற்றத்திற்குப் படிவம் 29, படிவம் 30 ஆகியன பயன்படுகின்றன. சட்டத்தின் 50 ஆம் பிரிவின்படி விற்பவர், அதே மாநிலத்திற்குள் விற்பனையாயின் 14 நாட்களுக்குள்ளும், வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். தூத்துக்குடியின் பதிவுக் குறியீடு டி.என். 69 ஆகும், கோவில்பட்டியின் குறியீடு டி.என். 96 ஆகும். தமிழ்நாட்டிற்குள் பெயர் மாறும்போது பதிவெண் மாறுவதில்லை. காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்ற வாங்குபவர் 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

இதனைத் தள்ளிப்போடுவது விற்பவருக்கே பெரும் இடராகும். பலர் கைமாறியும் பதிவேட்டில் பெயர் மாறாத ஒரு மகிழுந்தால் நேர்ந்த விபத்தில், பதிவேட்டில் உள்ளவரே உரிமையாளராகக் கருதப்பட்டு இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என 2018 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய வண்டி விற்கும் வணிகர்களுக்கான பதிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அதற்கான சான்று வணிகரிடம் உள்ளதா எனக் கேட்கலாம்.

தனியார் மகிழுந்தின் பதிவு முதலில் 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 15 ஆண்டு கடந்த மகிழுந்தின் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாகவும், 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025 ஆகத்தில் 10,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. மலிவாகக் கிடைக்கும் குவாலிஸ், பழைய ஆம்னி போன்றவற்றின் உண்மையான விலையைக் கணக்கிடும்போது இத்தொகையையும் பசுமை வரியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவற்றையும் பார்க்க

- மிதிவண்டி
- கரிசல் மண்
- கோவில்பட்டி
- மோட்டார் வாகனச் சட்டம், 1988