மலைக்கு ஒரு பெயர், மூட்டைக்கு ஒரு பெயர்

உடுமலையில் எங்களுக்கு வெல்ல மண்டி, தாத்தா ஆரம்பித்தது. ஓரமாக டீத்தூள் வியாபாரமும் உண்டு. கல்லாவில் உட்கார்ந்து சிறு வயதிலிருந்து நான் அதிகம் கேட்ட பெயர்கள் இரண்டு: கண்ணன் தேவன், மறையூர். இரண்டும் சின்னார் சோதனைச்சாவடியைத் தாண்டி, இடுக்கி மலையில் பிறந்தவை. முதல் பெயர் இன்று ஒரு கம்பெனியின் உடைமை. இரண்டாவது, அங்கே வெல்லம் காய்ச்சுகிற அத்தனை பேருக்கும் சொந்தம்.

மறையூர், காந்தளூர், காரையூர், கீழாந்தூர், கொட்டகுடி ஆகிய ஐந்தும் சேர்ந்தது அஞ்சுநாடு. தமிழ் பேசும் பழைய ஊர்கள். அந்தப் பக்கத்துத் தலைவர் ஒருவரின் பெயர்தான் கண்ணன் தேவன் என்பார்கள். இல்லை, கண்ணன் வேறு, தேவன் வேறு, ஆள் இரண்டு பேர் என்று சாதிக்கிறவர்களும் உண்டு. இந்த வழக்கு டீக்கடையில் இன்னும் தீரவில்லை. 1877 ஜூலையில் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு ராஜாவிடமிருந்து சுமார் 227 சதுர மைல் மலையைக் குத்தகைக்கு எழுதி வாங்கினார். 1897-இல் அதே மலையின் பெயரில் தேயிலைக் கம்பெனி வந்தது. மனிதருடைய பெயர் மலைக்கும், மலையின் பெயர் கம்பெனிக்கும், கடைசியில் டீத்தூள் பாக்கெட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

அந்தக் காலத்தில் வணிகச் சின்னத்தைப் பதிவு செய்ய நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. 1889-ஆம் ஆண்டுச் சட்டம் போலிக் குறி போடுவதைக் குற்றமாக்கியது, அவ்வளவுதான். பதிவேடு என்று ஒன்று 1940 சட்டத்தோடுதான் வந்தது. பிறகு 1958, 1999 சட்டங்கள். வெறும் ஊர்ப்பெயரைச் சின்னமாகக் கேட்டால் இன்றைய சட்டம் லேசில் தராது. நெடுநாள் புழக்கத்தில் அந்தப் பெயரைச் சொன்னாலே ஒரே வியாபாரிதான் நினைவுக்கு வருவார் என்று ஆகியிருந்தால் மட்டும் விலக்கு.

பின்னாளில் அந்த மலைத் தோட்டங்கள் டாடா கைக்கு வந்தன. 2005-இல் டாடா மூணாறு தோட்டங்களில் பெரும்பகுதியைக் கைமாற்றியபோது, தொழிலாளர்களே பங்குதாரர்களான ‘கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ்’ உருவானது. தோட்டம் அவர்களிடம் வந்தது. பாக்கெட்டில் இருக்கும் ‘கண்ணன் தேவன்’ டாடாவிடமே தங்கியது. புதுக் கம்பெனி தன் தூளை ‘ரிப்பிள்’ என்ற பெயரில் விற்கிறது. சட்டப்படி இதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த மலையிலேயே கொழுந்து கிள்ளுகிறவர்கள், அவர்களில் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பத்துப் பெண்கள், மலையின் பெயரைத் தங்கள் தூளுக்குச் சின்னமாக வைக்க முடியாது என்பது எனக்கு நெருடலாகத்தான் இருக்கிறது.

வெல்லத்தின் கதை வேறு. மறையூர் ஆலைக் கொட்டகைக்குப் போனால் முதலில் மூக்கில் ஏறுவது சக்கை எரிகிற புகை. பிழிந்த சக்கையைக் காயவைத்து அதையே அடுப்புக்குத் தள்ளுவார்கள். கொப்பரையில் சாறு கொதிக்கும்போது சுண்ணாம்பு சேர்த்து, மேலே வரும் அழுக்கை வழித்து எடுப்பார்கள். பதம் வந்ததும் மரத்தொட்டியில் கொட்டிக் கிளறி, சூடு ஆறுவதற்குள் உள்ளங்கையில் உருட்ட வேண்டும். பழகாத கை வெந்துவிடும். உருண்டை கரும்பழுப்பு நிறத்தில் இருக்கும். உப்புக் கரிப்பு அநேகமாக இராது. அஞ்சுநாட்டு விவசாயிகளோடு முதுவர் பழங்குடியினரும் இதைச் செய்கிறார்கள்.

நிறம்தான் அதற்கு எதிரி. சமவெளியில் ‘ஹைட்ரோஸ்’ என்ற வெளுப்பு ரசாயனம் போட்டு மஞ்சளாக்கிய வெல்லம் கண்ணைப் பறிக்கும், விலையும் குறைவு. அதை மலைக்கு ஏற்றிச் சாக்கு மாற்றினால் மறையூர் வெல்லம் ஆகிவிடும். ஒருமுறை ஒரு வியாபாரி எங்கள் மண்டிக்கே வந்து, ‘மறையூர்’ என்று அச்சடித்த பையில் எங்கள் சரக்கைக் கட்டித் தர முடியுமா என்று கேட்டார். அப்பா கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “பேரு வேணும்னா அங்கயே போய்க் காய்ச்சுங்கண்ணா” என்றார்.

அப்பா சொன்னதைச் சட்டமும் சொல்கிறது: ஊரின் பெயர் அந்த ஊர்ச் சரக்குக்கே. புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-இல் இயற்றப்பட்டு, 2003 செப்டம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்தது. பதிவகம் சென்னையில். கேரளத்தில் பாலக்காட்டு மட்டை அரிசியும் சித்தூர்ப் பக்கத்து நவரை அரிசியும் முன்பே பதிவாகிவிட்டன. கேரள வேளாண் பல்கலைக்கழகம் துணை நிற்க, 2019 மார்ச்சில் மறையூர் வெல்லமும் பதிவேறியது. 2022-இல் காந்தளூர்–வட்டவடைப் பூண்டும் சேர்ந்துகொண்டது. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-லேயே வாங்கிவிட்டது என்பதை எங்கள் பூண்டுக்காரர்கள் சொல்லாமல் விடமாட்டார்கள்.

வணிகச் சின்னத்தை விற்கலாம், வாடகைக்கு விடலாம். புவிசார் குறியீட்டை விற்கவோ அடகு வைக்கவோ 24-ஆவது பிரிவு விடாது. பொய்யாகப் போட்டால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. எந்தக் கம்பெனியும் இந்தப் பெயரை இனி விலைபேசிக் கொண்டுபோக முடியாது.

ஆனால் உற்பத்தியாளர் சங்கத்தின் பெயரில் பதிவானதோடு வேலை முடியவில்லை. காய்ச்சுகிற ஒவ்வொருவரும் அங்கீகாரம் பெற்ற பயனாளராகத் தன் பெயரையும் பதிய வேண்டும். அப்போதுதான் போலிக்காரன்மீது தானே வழக்குப் போட முடியும். அந்தப் பதிவுக்கான கட்டணம் முன்பு 500 ரூபாய், 2020 திருத்தத்துக்குப் பிறகு 10 ரூபாய். மறையூரில் ஆலை வைத்திருக்கும் அண்ணன்மார், அக்காமார், அந்த விண்ணப்பத்தை இந்தக் கரும்பு வெட்டுக்குள் போட்டுவிடுங்கள்.