பெட்டிக்குள் பார்வை

ஆப்பிள் கம்பெனி 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் விற்கத் தொடங்கிய விஷன் ப்ரோ ஹெட்செட்டின் விலை 3,499 டாலர். கண்களை முழுக்க மூடிவிடும் சாதனம். எதிரிலிருக்கும் அறையைக் காமிராக்கள் பிடித்து உள்ளே காட்ட, அதன்மேல் கடிதமும் சினிமாவும் மிதக்கும். புது யுகம் என்றார்கள். புது யுகங்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. இரு கண்களுக்கும் சற்றே மாறுபட்ட இரு படங்களைக் கொடுத்தால் மனம் ஆழத்தைக் கண்டுவிடும் என்பதை சார்லஸ் வீட்ஸ்டன் 1838லேயே எழுதிவிட்டார்.

புரூஸ்டர் அதைக் கைக்கடக்கமான பெட்டியாக்கினார். செய்து விற்றவர் பாரிஸின் துபோஸ்க் (புதுவையை அப்போது ஆண்டவர்களின் ஊர்க்காரர்). 1851 லண்டன் கண்காட்சியில் விக்டோரியா ராணிக்கு அது பிடித்துப்போயிற்று. பிறகு கேட்கவா வேண்டும்? ஸ்டீரியோஸ்கோப் சீமையின் வரவேற்பறைகளில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஏழே வருஷத்தில் பார்வை நம் கோயில்களுக்கும் வந்தது. சென்னை அரசாங்கத்தின் போட்டோகிராபரான ராணுவ அதிகாரி லின்னேயஸ் டிரைப் ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று பெரிய காமிராவோடு அலைந்தார். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டை இருபத்தோரு படங்களாக எடுத்து, பத்தொன்பது அடி நீளத்துக்கு ஒட்டினார். 1858ல் வெளியான அவர் தொகுதிகளில் இரண்டு முழுக்க இரட்டைப் படங்கள்: ஒன்று மதுரை, மற்றது திருச்சி, தஞ்சை வட்டாரம். மறுவருஷம் கவர்னராக வந்த டிரெவெலியன், கஜானா இருக்கும் நிலையில் இது ஆடம்பரம் என்று நிறுத்திவிட்டார். கணக்குப் பார்ப்பவனின் நியாயம் அது. ஆனால் அந்தத் தூண்களின் ஆழத்தைப் பெட்டிக்குள் பார்த்தவர் யார் என்பதே என் கேள்வி. பெட்டி வைத்திருந்தவர்கள்தான், கோயிலுக்குத் தினம் போய்வந்தவர்கள் அல்ல.

நம் ஜனங்களுக்குக் கிடைத்தது வேறு பெட்டி. வீராம்பட்டினம் தேர்த்திருவிழாவில் நான் குனிந்து பார்த்த பயாஸ்கோப்புப் பெட்டியில் முப்பரிமாணம் ஏதும் கிடையாது. தட்டையான படங்கள், ஒரு பூதக்கண்ணாடி, அவ்வளவே. நாலைந்து பேர் ஆளுக்கொரு ஓட்டையில் முகத்தைப் பதிக்க, வெளியே நின்றவர் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே கதை சொல்வார். கண் தனியாக இருந்தது; காது கூட்டத்தில் இருந்தது. 1984ல் மை டியர் குட்டிச்சாத்தான் வந்தபோதும் இதேதான். கண்ணாடி அவரவர் மூக்கில், கூச்சல் தியேட்டர் முழுக்க. படம் முடிந்ததும் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். யாரும் வாங்கவில்லை, எல்லோரும் பார்த்தார்கள்.

ஹெட்செட் பயனற்றது என்று சொல்ல வரவில்லை. 2024ல் சென்னை ஜெம் மருத்துவமனையில் லேப்ராஸ்கோப்பி ஆப்பரேஷன்களுக்கு விஷன் ப்ரோவை அணிந்திருக்கிறார்கள். வயிற்றுக்குள்ளிருந்து வரும் படத்தைத் தலைதிருப்பி டி.வி.யில் தேடாமல் கைக்கு நேராகவே வைத்துக்கொள்ளலாம். ஸ்கேனைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளலாம். அங்கே பார்வை ஒருவருக்குப் போதும். வீடு அப்படியல்ல. ஒரே கூடத்தில் ஐந்து பேர் டி.வி. பார்க்கும் எங்கள் முத்தியால்பேட்டை வீட்டில் இதை யார் தலையில் மாட்டுவது? மற்ற நால்வர் என்ன செய்வது?

கம்பெனிக்கும் இது தெரிந்திருக்கிறது. விஷன் ப்ரோவின் வெளிப்பக்கத்தில் ஒரு திரை வைத்திருக்கிறார்கள். யாராவது கிட்டே வந்தால், உள்ளே மூடியிருக்கும் கண்களின் படம் அதில் தெரியும்.