கண்டியின் மூன்று வாசல்கள்: வீட்டு வன்முறையும் புகலிட நீதியில் அரச பாதுகாப்பும்

கணவனின் அடி உதையிலிருந்து விடுபட நினைக்கும் மூன்று பெண்கள் கண்டியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இருந்தால், மூவருக்கும் ஒரே வாசல் திறப்பதில்லை. கண்டிய விவாகச் சட்டப்படி மணம் பதிந்த சிங்களப் பெண் மாவட்டப் பதிவாளரிடம் போகலாம். முஸ்லிம் பெண், 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி காதி நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். ஹந்தானையிலோ கலஹாவிலோ கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்ணுக்கு 1907 ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டமும் மாவட்ட நீதிமன்றமும்தான் கதி. இவர்களில் ஒருத்தி தப்பியோடி வெளிநாட்டில் புகலிடம் கேட்டால், அங்குள்ள தீர்ப்பாயம் கேட்கும் முதற் கேள்வி, உங்கள் அரசு உங்களைக் காப்பாற்றாதா என்பதுதான். இலங்கையில் சட்டம் இருக்கிறதா என்று பார்த்து இக்கேள்விக்கு விடை சொல்லிவிடும் வழக்கம் தவறானது என்பதே இக்கட்டுரையின் வாதம். கண்டிப் பிரதேசத்தின் சட்ட வரலாறு அதற்குச் சான்று.

1951 ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து என ஐந்து காரணங்களையே சொல்கிறது. பால் அவற்றில் இல்லை. எனவே கணவனின் கொடுமை நெடுங்காலம் ‘குடும்ப விவகாரம்’ என்றே ஒதுக்கப்பட்டது. 1985 இல் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் நிறைவேற்றுக்குழு பெண்களைச் சமூகக் குழுவாகக் கருதலாம் என்றது. 1993 மார்ச்சில் கனடா பால்சார் வழிகாட்டிகளை வெளியிட்டது. அதே ஆண்டு ஜூனில் கனடா உயர் நீதிமன்றம் வார்ட் வழக்கில், அரசு தன் குடிகளைக் காக்கும் என்ற அனுமானத்திலிருந்தே விசாரணை தொடங்கவேண்டும் என்றும், அதை முறியடிக்கத் தெளிவான சான்று வேண்டும் என்றும் சொன்னது. வட அயர்லாந்தின் ஆயுதக் குழு ஒன்றிலிருந்து விலகியவரின் வழக்கு அது. ஆனால் அந்த அனுமானத்தின் சுமை பிற்காலத்தில் அடிபட்ட பெண்களின் தலையிலும் வந்து விழுந்தது.

திருப்பம் 1999 இல் வந்தது. பாகிஸ்தானியப் பெண்கள் இருவரின் வழக்கில் (இஸ்லாம், ஷா) பிரித்தானியப் பிரபுக்கள் சபை, கணவன் தருவது தனிப்பட்ட வன்முறையானாலும், அவள் பெண் என்பதாலேயே அரசு கையை விரிக்கிறது என்றால் இரண்டும் சேர்ந்து துன்புறுத்தலாகும் எனத் தீர்ப்பளித்தது. ஹொஃப்மன் பிரபு எடுத்த உதாரணம் கூர்மையானது. நாஜி ஜெர்மனியில் ஒரு யூத வணிகரை வியாபாரப் போட்டியாளர் தாக்குகிறார். தாக்குபவருக்குப் பணமே நோக்கமாக இருக்கலாம். பொலிஸ் தலையிடாததற்குக் காரணம் அவர் யூதர் என்பதே. 2002 இல் அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் கவார் வழக்கில் இவ்வழியிலேயே சென்றது. 2024 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், ஒரு நாட்டின் பெண்கள் முழுவதுமே ஒரு சமூகக் குழுவாகலாம் என்றது. அமெரிக்காவில் மட்டும் இது ஆட்சிக்கு ஆட்சி ஊசலாடுகிறது: 2014 இல் திறந்த கதவு 2018 இல் மூடி, 2021 இல் திறந்து, 2025 இல் மீண்டும் மூடிற்று. மொத்தத்தில் ‘இது குடும்ப விவகாரமா?’ என்ற கேள்வி பின்தள்ளப்பட்டு, ‘அரசு காக்குமா?’ என்பது முன்னுக்கு வந்தது. விசாரணை தடுக்கி விழுவதும் இங்கேதான்.

கண்டியின் வரலாறு தொடக்கத்திலிருந்தே இக்கேள்விக்கு ஒற்றை விடை தரவில்லை. கண்டியில் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலில், அங்கு ஆணும் பெண்ணும் எளிதில் பிரிந்து வேறு மணம் செய்வதைக் குறித்திருக்கிறார். பின்ன முறைத் திருமணத்தில் கணவன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வான். அவனை வெளியேற்றும் பிடி அவள் பக்கம் இருந்தது. 1859 இல் பிரித்தானியர் பலதார, பலகணவ மணங்களை ஒழித்துப் பதிவைக் கட்டாயமாக்கினர். பதிவை மக்கள் ஏற்காததால் 1870 இல் இறங்கிவந்து, இருவரும் சம்மதித்தால் பிரியலாம், ஓராண்டு பிரிந்து வாழ்ந்தால் ஒத்துவாழ இயலாமையும் காரணமாகலாம் என்று திருத்தினர். 1952 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கக் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டம் அதைத் தொடர்ந்தது. கண்டியச் சிங்களப் பெண்ணுக்கு இது பாதுகாப்பு அல்ல, வெளியேறும் வழி மட்டுமே. ஆனால் அடிபடுபவளுக்கு அந்த வழி சிறியதல்ல.

அதே மலைகளில் கோப்பிக்கும், பின்னர் 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைக்கும் கொண்டுவரப்பட்ட தமிழ்ப் பெண்ணுக்கு இவ்வழி கிடைக்கவில்லை. பொதுச் சட்டத்தில் விவாகரத்துக்கு மூன்றே காரணங்கள்: பிறர் உறவு, கெட்ட எண்ணத்துடன் கைவிடுதல், தீராத ஆண்மையின்மை. கொடுமை தனிக் காரணமாக இடம்பெறவில்லை. கைவிடுதலுக்குள் அதை நுழைத்து வாதாட வழக்கறிஞரும் பணமும் வேண்டும். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவளை நாடற்றவளாக்கியது. நாடற்றவராய் எஞ்சியிருந்தவர்களின் கணக்கு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் தீர்ந்தது. ஆக, அரை நூற்றாண்டுக்கு மேல், பாதுகாப்புக் கேட்பதற்கே அவளுக்கு ஓர் அரசு இருந்ததா என்பது ஐயமே. தோட்டத்தில் மனைவியின் சம்பளத்தைக் கணவன் வாங்கிப்போகும் வழக்கம் இருந்ததைத் தோட்டத் தொழிலாளர் பற்றி எழுதிய குமாரி ஜயவர்தன, ரேச்சல் குரியன் போன்றோர் எடுத்துக்காட்டியுள்ளனர். அவர்கள் குடியிருக்கும் லயன் அறையோ தோட்ட நிர்வாகத்துடையது. அவள் வெளியேறினால் கணவனோடு கூரையும் வேலையும் போகும்.

2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் முதன்முறையாக மூவருக்கும் பொதுவான வாசலைத் திறந்தது. பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் பொலிஸாரோ நீதவான் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். இடைக்காலக் கட்டளையும் பின்னர் பாதுகாப்புக் கட்டளையும் பெறலாம். கணவன் வீட்டுக்குள் நுழைவதையே நீதவான் தடுக்கலாம். மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் கட்டளையின் உச்ச ஆயுள் பன்னிரண்டு மாதம். அதற்கு அப்பால் அவளுக்குத் தேவை பிரிவும் வீடும் வருமானமும். அங்கே மூன்று வாசல்களும் மறுபடி பிரிந்துவிடுகின்றன. நீதிமன்றத்தை எட்டுமுன்பே வேறொரு வளைவும் உண்டு. பொலிஸ் நிலையத்தில் அடி ‘சாதாரண காயம்’ என்று பதியப்பட்டால், 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டப்படி அது மத்தியஸ்த சபைக்குப் போகிறது. இரு தரப்பையும் உட்கார வைத்து, பிள்ளைகளுக்காகச் சமாதானமாகப் போங்கள் என்று அனுப்பினால், அந்தக் கோப்பு ‘தீர்க்கப்பட்ட’ பிணக்காகிவிடும். முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்பட்டு, அவள் வாசிக்காமலே கையொப்பமிட்டிருந்தால் என்ன பதியப்பட்டதென்பதும் அவளுக்குத் தெரியாது. மணவாழ்வினுள் நடக்கும் பாலியல் வல்லுறவோ, 1995 திருத்தத்துக்குப் பின்னும், நீதிமன்றத்தால் பிரிக்கப்பட்ட தம்பதியரிடையே மட்டுமே குற்றம். 2019 ஆம் ஆண்டின் தேசியக் கணிப்பில், துணைவரோடு வாழ்ந்த அனுபவமுள்ள பெண்களில் 20.4 வீதமானோர் வாழ்நாளில் துணைவரின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானதாகக் கூறினர்.

இதற்கு மறுப்புகள் உண்டு. எந்த ஏழை நாட்டிலும் பொலிஸ் தவறும். அப்படிப் பார்த்தால் எல்லாரும் அகதிகள்தானே என்பது ஒன்று. இல்லை. அடிபட்டவள் எல்லாம் அகதியல்ல. தவறுக்கும் ஐந்து காரணங்களில் ஒன்றுக்கும் தொடர்பு காட்டும் சுமை அவளுடையதே. ஆயினும் வரைவிலக்கணத்தின் அந்த நிபந்தனையைக் காரணம் காட்டிச் சான்றைப் பாராமல் விடலாகாது. கொழும்புக்குப் போய் வாழலாமே என்பது இன்னொன்று. உள்நாட்டு மாற்றிடம் நியாயமானதாக இருக்கவேண்டும் என்று தீர்ப்புகளே சொல்கின்றன. கையில் காசில்லாமல், பிள்ளைகளோடு, மொழியும் உறவும் இல்லாத நகரத்தில் வாழ்வது சிலருக்கு இயலும், சிலருக்கு இயலாது. அதை ஒருத்தியின் நிலையைப் பார்த்துத்தான் சொல்லமுடியும். பலமான மறுப்பு மூன்றாவது: உதவி உண்மையிலேயே இருக்கிறது, வைத்தியசாலைகளில் ‘மிதுரு பியச’ நிலையங்களும் 1938 என்ற இலக்கத் தொலைபேசிச் சேவையும் பெண்கள் அமைப்புகளும் இயங்குகின்றன. இதை மறுக்கலாகாது. அவற்றால் காப்பாற்றப்பட்டவள் புகலிடம் கேட்க நியாயம் இல்லை. ஆனால் உதவி இருந்ததா என்பதை விட, அவள் அதைத் தேடியபோது என்ன நடந்தது என்பதே பொருத்தமான கேள்வி.

ஆகவே, கண்டிப் பெண்களின் கோரிக்கைகளைத் தயாரிக்கும் வழக்கறிஞர்களும் அமைப்புகளும் சட்டங்களின் பட்டியலோடு நிற்கக்கூடாது. எந்தச் சட்டப்படி மணம் நடந்தது, குடியிருந்த அறை யாருடையது, முறைப்பாடு எந்த மொழியில் எழுதப்பட்டது, மத்தியஸ்த சபை என்ன சொல்லி அனுப்பியது என்பவற்றைப் பதிவுப் பிரதிகளோடும் வைத்தியசாலை அறிக்கையோடும் முன்வைக்க வேண்டும். கட்டளை கிடைத்திருந்தால், அது முடிந்த மறுநாள் நடந்ததையும் சேர்த்தே எழுதவேண்டும்.